என் குடலுக்கு அண்ணன் போட்ட கையெழுத்து

நோயிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுத உட்கார்ந்தால் முதலில் நன்றி சொல்வது வழக்கம். நானும் சொல்லத்தான் போகிறேன், சொல்ல வேண்டிய இடம் வரும்போது. இப்போதைக்கு எனக்குக் கோபம்தான் இருக்கிறது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதிப் பார்த்து நாலு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். இதைப் படிக்கிற ஒருத்தியாவது நாளைக்கு ஆஸ்பத்திரியில் "அந்தத் தாளை இங்கே கொடுங்கள், நான் படிக்கிறேன்" என்று கை நீட்டினால் போதும்.

எனக்கு ஊர் மணமேல்குடி. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், புர்கா எல்லாம் தைப்பேன். கல்யாண ரவிக்கைக்குக் கையால் மணி கோத்து வேலைப்பாடு செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. மகள் ரிஸ்வானா கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் தெருமுனையில் என் அண்ணன் காதர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அத்தா போன பிறகு எனக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர்தான். இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான்.

நோய் வந்த விதத்தில் என்மேலேயே எனக்குக் கோபம். மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டு, மெடிக்கலில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டினேன். இந்த இடத்தில் நோவு என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று வெட்கம். மெஷினை மிதித்தால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாற்பத்தாறு ஒரு வயசா? ஒருநாள் புர்காவுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டேன். அறந்தாங்கி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் பாதிக்குப் பாதிதான் இருக்கிறது, இது எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லித் திருச்சிக்கு அனுப்பிவிட்டார்.

திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. அங்கே கொலோனோஸ்கோபி செய்தார்கள். மலவாய் வழியாக ஒரு நீளமான குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கிற கேமராவில் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. அதற்கு முந்தைய நாள் வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு தண்ணீர் கொடுப்பார்கள். உப்புக் கரிக்கும், எலுமிச்சை வாசனை அடிக்கும், குடிக்கக் குடிக்கத் தீராது. சோதனையைவிட அந்தத் தண்ணீர்தான் கொடுமை. குழாய் போகும்போது மயக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சோதனை முடிவு வாங்கப் போன அன்று, வெளியே காத்திருக்கும் கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். அந்த நர்ஸ் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"பேஷண்ட் கூட வந்த ஜென்ட்ஸ் யாரு?"

அண்ணன் எழுந்தார். அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் இரண்டு பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் குடலைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். திரும்பி வந்த அண்ணனின் கண் சிவந்திருந்தது.

"சின்னக் கட்டிதான் பானு. எடுத்துட்டாச் சரியாப் போயிரும்" என்றார்.

புதுக்கோட்டை பஸ்ஸில் அவர் கண்ணசந்தபோது ஃபைலை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். கார்சினோமா என்று போட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்றவர். எனக்கு அந்த வார்த்தை தெரியும். அறந்தாங்கி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். விழித்தபோது அவர் கவனிக்காத மாதிரி இருந்தார். நானும் தெரியாத மாதிரி இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பாசம் என்றால் இந்த நாடகம்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை. நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மயக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப்பெண்ணும் ஒரு நர்ஸும் வந்தார்கள். நர்ஸ் அண்ணனைப் பார்த்துக் கையசைத்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் ஏதோ விளக்குவதற்குள் நர்ஸ் இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார். அண்ணன் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"என்னண்ணே?"

"ஏதோ ஃபார்ம். நீ படு."

நானும் படுத்தேன். என் தப்பு அது.

வலப்பக்கப் பெருங்குடலில் ஒரு முழம் அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். அதோடு பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது என்போமே, அந்த மாதிரி முடிச்சுகள்தான். அவற்றில் சிலவற்றிலும் நோய் இருந்தது. அதனால் ஆபரேஷனோடு முடியாது, கீமோவும் வேண்டும் என்றார்கள்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. எங்கள் ஆட்கள் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த உறுப்பைக் குப்பையில் போக விடமாட்டார்கள். விபத்தில் போன விரலைக்கூட வாங்கி வந்து கபர்ஸ்தானில் அடக்கம் செய்வார்கள். சோதனையெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் திருச்சிக்குத் தனியாகப் போய், மனு எழுதிக் கொடுத்து, மூன்று மேசைக்கு அலைந்து, மீதியிருந்த என் குடலை ஒரு டப்பாவில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். நாலு மணி நேரம் அதை மடியில் வைத்திருந்திருக்கிறார். வெள்ளைத் துணியில் சுற்றி, கபர்ஸ்தான் ஓரத்தில் தன் கையாலேயே குழி தோண்டி அடக்கினார். என்னிடம் வந்து, "வேல முடிஞ்சுச்சு, நீ நிம்மதியா இரு" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நான் அவருக்காகக் கேட்ட துஆ இன்னும் நினைவிருக்கிறது. மதினி தினமும் நொய்க்கஞ்சி காய்ச்சி, சூடு பார்த்து ஊட்டிவிட்டுப் போவார். அதையெல்லாம் நான் மறக்கவில்லை.

கீமோ என்றால் எனக்கு இரண்டு மருந்து. ஒன்று வீட்டில் விழுங்குகிற மாத்திரை. இன்னொன்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருச்சியில் படுத்து ஏற்றிக்கொள்ள வேண்டிய டிரிப்ஸ். முடி கொட்டும் என்று பயந்திருந்தேன், அவ்வளவாகக் கொட்டவில்லை. வேறொன்று நடந்தது. அந்த டிரிப்ஸ் ஏற்றிய பிறகு குளிர்ந்த எதையும் தொட முடியாது. காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் ஆயிரம் ஊசி குத்தும். குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சே நின்ற மாதிரி இருக்கும். கத்தரிக்கோலை எடுத்தால் கை கூசித் தூக்கிப் போட்டுவிடுவேன். அண்ணன் அதன் பிடிக்குத் துணி சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே திருச்சியிலிருந்து வருவார், காற்று என்மேல் படக்கூடாதென்று.

இரண்டாவது டிரிப்ஸுக்குப் பிறகு கூச்சம் போய் மரத்துப்போக ஆரம்பித்தது. மணி விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை. ரிஸ்வானாதான் எனக்கு ஹூக் மாட்டிவிட்டாள். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்தவளுக்குத் தன் ரவிக்கையைப் போட முடியவில்லை. கீமோ கொடுக்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். நரம்பைத் தாக்குகிற மருந்து அது, சிலருக்குச் சரியாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார். நோய்க்கு வேலை செய்கிறதா என்று கேட்டேன். "நெறையப் பேருக்குச் செய்யுது" என்றார். எனக்கு? "அத முன்கூட்டிச் சொல்ல முடியாதும்மா."

சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது டிரிப்ஸுக்குப் போய்ப் படுத்தேன். அண்ணன் வெந்நீர் வாங்கக் கேன்டீனுக்குப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த வெள்ளைக் கோட்டுப் பெண் என்னைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு வராந்தாவில் நின்ற அதே பெண். பெயர் ரேவதி, இலுப்பூர்ப் பக்கம், ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள்.

"மணமேல்குடி பானு அம்மாதான? எப்படிம்மா இருக்கீங்க? ஒங்க ரிசல்ட் மட்டும் வந்திருந்தா டாக்டரம்மாவுக்கு இப்ப ஒதவியா இருந்திருக்கும். ஏம்மா வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க?"

"எதை வேணாம்னேன்?"

அவள் முகம் மாறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழுசாகச் சொல்லாமல் போக விடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஆபரேஷன் நடந்த அன்றே என் கட்டியிலிருந்து ஒரு சின்னத் துண்டை உயிரோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதைப் பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்து, ஜெல்லி மாதிரி ஒரு பொருளுக்குள் வைத்து, சத்துத் திரவம் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்தால், செல்கள் தாமாகக் கூடிச் சின்னஞ்சிறு உருண்டைகளாக வளருமாம். வெறும் உருண்டை இல்லை. குடலுக்கு இருக்கிற மாதிரி சுவரும் நடுவில் பொந்தும் வந்துவிடும். இதற்குப் பெயர் ஆர்கனாய்டு. முழுக் குடல் கிடையாது, அதற்கு வலி தெரியாது, நினைவும் கிடையாது. ஆனால் யாருடைய கட்டியோ அந்தக் கட்டியின் குணம் அதில் அப்படியே இருக்கும். எலியில் சோதித்த மருந்து மனிதருக்குப் பலிக்காமல் போவதுண்டு. இதில் மனிதச் செல்லிலேயே பார்த்துவிடலாம். என் உருண்டைகளில் சிலவற்றுக்கு இந்த டிரிப்ஸ் மருந்து, சிலவற்றுக்கு வேறு மருந்து என்று ஊற்றினால், எதற்கு எது சாகிறது என்று தெரியும்.

"ஆராய்ச்சிதாம்மா, இத மட்டும் வச்சு வைத்தியத்த மாத்திர மாட்டாங்க" என்று நேர்மையாகவே சொன்னாள். "ஆனா ஒங்களுக்கு என்ன வருதுன்னு பாக்கணும்னு டாக்டரம்மா கேட்டிருந்தாங்க."

தன் போனில் படத்தைக் காட்டினாள். வெந்த ஜவ்வரிசி மாதிரி, கண்ணாடியாய், குட்டிக் குட்டியாய் இருந்தன. என்னைக் கொல்ல வந்ததுதான் அது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லாருக்கும் வளராதும்மா. ஒங்களுக்கு அவ்ளோ அழகா வளந்துச்சு. சந்தோசத்துல ஃபார்ம்ல இருந்த நம்பருக்கு நானே போன் பண்ணிச் சொன்னேன். ரெண்டாம் நாள் ஒங்க அண்ணன் வந்துட்டாரு. எல்லாத்தையும் திருப்பிக் குடுங்க, அடக்கம் பண்ணணும்னு. மருந்து சோதிக்கத் தட்டுல பிரிச்சுகூட வச்சிட்டேன். பத்து நாள்ல தெரிஞ்சிருக்கும்."

"குடுத்துட்டீங்களா?"

"உயிரோட வெளிய குடுக்க முடியாது. கொன்னுட்டு ஒரு குப்பில குடுத்தோம். ஃப்ரீசர்ல வச்சிருந்ததையும்."

"என்னக் கேக்கவே இல்லையே?"

"ஃபார்ம்ல இருந்தது அவர் கையெழுத்து. அவரே வேணாம்னா அதுதான் செல்லும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கம்மா" என்றவள் குனிந்துகொண்டாள்.

அண்ணன் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்தார். என் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. வார்டில் பத்துப் பேர் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அங்கேயே கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"அந்தப் புள்ள போன் பண்ணி, 'உயிரோட இருக்கு சார், நல்லா வளருது'ங்குது. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நான் அடக்கம் பண்ணிட்டேன்னு நெனச்ச சனியன் அங்கிட்டு டப்பாவுல வளந்தா, இங்கிட்டு ஒனக்கு என்னாகும்?"

"அங்க வளந்தா இங்க எப்படிண்ணே வளரும்?"

"எனக்கென்ன தெரியும்? ஒன் ஒடம்புல ஒரு துண்டு மண்ணுக்குப் போகாமக் கெடக்கு. நாளைக்கு மறுமையில யாரு பதில் சொல்றது?"

"பள்ளிவாசல் அசரத்தக் கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"அவரு இருக்கட்டும்னு சொல்லிட்டாருன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. "என்னக் கேட்டீங்களா?"

"ஒனக்கு எதுக்கு மனக்கஷ்டம்னுதான். ஒன் நல்லதுக்குத்தான பானு செஞ்சேன்."

"குடலு யாருது? வெரலு யாருது? எனக்கு இந்த மருந்து கேக்குமா கேக்காதான்னு இந்த ஒலகத்துல ஒரே ஒரு எடத்துல தெரிஞ்சிருக்கும். அதப் போய்ப் பொதச்சிட்டு வந்திருக்க நீ."

அண்ணனை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவர் ஃபிளாஸ்க்கைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ரிஸ்வானா பிறகு அசரத்திடமே விசாரித்தாள். வைத்தியத்துக்காக வைத்திருப்பதில் குற்றமில்லை, அவர்கள் தருவதை அடக்கம் செய்தால் போதும், போய்ப் பிடுங்கி வரச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டாராம்.

டாக்டரம்மாவிடம் போனேன். மறுபடி வளர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"வளக்கணும்னா உயிருள்ள கட்டி வேணும்மா. சோதனைக்கு மெழுகுல வச்சிருக்கிறது செத்த திசு, அதுல முடியாது. ஒங்க ஒடம்புல இப்பக் கட்டியே இல்ல. அது நல்ல சேதிதான?"

நல்ல சேதிதான். அப்படியே எழுந்து மருத்துவமனை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஆள் என் ஃபைலைத் திறந்து, "உறவினர் சம்மதம் இருக்கே" என்று தாளைக் காட்டினார்.

"நான் மயக்கத்துலயா இருந்தேன்?"

"இல்ல. வழக்கமா கூட வர்ற ஜென்ட்ஸ்கிட்டத்தான் வாங்குறது."

என்னைக் கேட்காமல் எடுத்தார்கள், என்னைக் கேட்காமல் கொன்றார்கள், இரண்டுக்கும் ஒரே காரணம். அந்த ஆளுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

நாலாவது டிரிப்ஸோடு அதை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடரலாம், ஆனால் நோய் திரும்ப வரும் வாய்ப்புக் கொஞ்சம் கூடலாம், முடிவு உங்களுடையது என்றார் டாக்டரம்மா. முதல்முறையாக ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து இதைக் கேட்டார். நிறுத்துங்கள் என்றேன். விரல் நுனி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மெஷின் மிதிக்கிறேன், நேர்த்தையல் தைக்கிறேன். மணி வேலை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். சோதனை முடிந்திருந்தாலும் இதே மருந்துதான் என்று வந்திருக்கலாம் என்பார்கள். வந்திருக்கலாம். அப்படியென்றால் தெரிந்து தாங்கியிருப்பேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி இருந்தது. டாக்டரம்மா படத்தை என் பக்கம் திருப்பி விரலால் தொட்டுக் காட்டினார். பழைய நோய்தான், அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, சின்னதாக இருப்பதால் வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

அப்போது என் மனதில் முதலில் என்ன வந்தது என்பதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. கட்டி கிடைத்துவிட்டது, இப்போது வளர்க்கலாம் என்றுதான் வந்தது. சந்தோசம், நிஜமான சந்தோசம். ரிஸ்வானாவின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. புற்றுநோய் திரும்பி வந்ததற்கு ஒரு நிமிடம் மகிழ்ந்தவளாக என்னை ஆக்கிவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் என்றால் அது இதற்குத்தான்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறேன். இந்தத் தடவை ஆராய்ச்சித் தாளை நானே வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, ஏழு கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் போன் நம்பரைத்தான் எழுதினேன்.

நேற்று மத்தியானம் ரேவதி அழைத்தாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. மூன்று வாரம் பார்த்தார்களாம். கல்லீரலிலிருந்து எடுத்த துண்டில் உயிருள்ள செல்கள் குறைவு, இருந்த கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். அடுத்த மருந்தை டாக்டரம்மா வழக்கப்படிதான் தேர்ந்தெடுப்பார்.

"மொதல்ல எடுத்ததுதாம்மா அவ்ளோ நல்லா வளந்துச்சு" என்றாள்.

அதை ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முழுக் கதையில் தப்பே செய்யாத ஒரே ஆள் அந்தப் பெண்தான். பத்து நிமிடம் கழித்து நானே திரும்ப அழைத்து, "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

என்னிடம் அந்த வார்த்தையை இன்னும் யாரும் சொல்லவில்லை.